யாரோட வலது?

“எந்தப் பக்கம் வலிக்குதுன்னு கேட்டா ஊரைக் காட்டுறாக. ஒடம்பைக் காட்டுங்கன்னா மலையைக் காட்டுறாக. நான் என்ன ஆயாவா, நெலம் அளக்க வந்த சர்வேயரா?”

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, தைல மரங்களுக்கு நடுவே இருந்த அந்த முப்பது கட்டில் ஆஸ்பத்திரிக்குப் பால்காரர் வருவதற்கு முன்பே இந்தப் புலம்பல் வந்துவிடும். புலம்புகிறவர் சிவபாக்கியம், வார்டு ஆயா. பேத்துப்பாறையில் பிறந்தவர். ஐம்பதாம் வருஷம் இங்கே பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்து, பிறகு குளிப்பாட்டி, கட்டுப் போட்டு, ஆபரேஷனுக்கு ஆளைத் தயார் செய்யும் வேலை வரைக்கும் ஏறியவர். குள்ளமான, பருத்த உருவம், குளிருக்குக் காதைச் சுற்றிக் கட்டிய சிவப்புத் துண்டு, அந்தத் துண்டையும் தாண்டி ஏரியின் அக்கரைக்குக் கேட்கிற தொண்டை.

அந்தத் தொண்டையை அச்சு அசலாக எடுத்துக் காட்ட அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தியால்தான் முடியும். அவள் தமயந்தி சிஸ்டர். இருபத்திரண்டு வயது. பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. கடை வாசலில் வளர்ந்தவளுக்கு எட்டு வயதிலேயே எட்டு ஜில்லாப் பேச்சும் நாக்கில் வந்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் இழுக்கிற இழுப்பு, காரைக்குடி ஆச்சி பேரம் பேசுகிற பேச்சு, காவடி தூக்கிக் கால் வலித்தவன் முனகுகிற முனகல் எல்லாம் அவளிடம் சரக்காக இருந்தன. நர்ஸ் படிப்பு முடித்து ஐம்பத்தாறில் மலைக்கு வந்த முதல் வாரமே சிவபாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பிடிக்காமல் என்ன செய்வது? புலம்பல் போதாதென்று சிவபாக்கியத்துக்கு ஒரு விசித்திரமான பழக்கமும் இருந்தது. நோயாளியிடம் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். கட்டிலின் கால்மாட்டில் போய், நோயாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். பிறகு தன் கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, “இந்தக் கையா? இந்தக் கையா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

“வைத்தியம் பாக்க வந்தா முதுகைக் காட்டுதே இந்தம்மா” என்று நோயாளிகள் முணுமுணுப்பார்கள். தமயந்தி மத்தியானச் சாப்பாட்டு வேளையில், இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நர்சுகள் அறையின் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். “இந்தக் கையா? இல்ல இந்தக் கையா? அட, ஊரைக் காட்டாதீக சாமி, ஒடம்பைக் காட்டுங்க!” சிரிப்பில் சாம்பார் மூக்கில் ஏறும் மற்றவர்களுக்கு. ஒருமுறை சிவபாக்கியமே கதவருகில் நின்று முழுதும் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. தலையணை மட்டும் பத்தாது, இன்னொண்ணு வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் டாக்டர் ஞானவேல் “வலது கைக்கு ஒத்தடம் கொடு” என்று சொல்லியிருந்தார். சிவபாக்கியம் கட்டிலுக்கு எதிரே நின்று, தன் வலது பக்கம் தெரிந்த கைக்குச் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தார். அது நோயாளிக்கு இடது கை. கட்டி இருந்த கை சும்மா கிடந்தது, நல்ல கை வெந்தது. அன்றைக்கு வாங்கிய திட்டுக்குப் பிறகு சிவபாக்கியம் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். “எதுக்க நின்னாத்தான சிஸ்டரு மாறிப் போகுது? நானே அவுகளா ஆயிட்டா? அவுக பாக்குற பக்கம் நானும் பாத்து நின்னா, அவுக வலது என் வலது. ஆளுக்குள்ள பூந்துக்கிறது. அம்புட்டுத்தான்.”

வார்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு மனித உடம்பு நேராக நின்று நம்மைப் பார்க்கும்; இரண்டு கைகளும் தொங்கி, உள்ளங்கை இரண்டும் முன்னால் திரும்பியிருக்கும். சிவபாக்கியம் அதற்கு வைத்த பெயர் கைவிரிச்ச சாமி. “என்கிட்ட ஒண்ணுமில்லம்மான்னு நிக்கிறாரு பாருங்க, நம்ம பஞ்சாயத்து பிரசிடெண்டு மாதிரி.”

ஒரு மழை நாளில், வார்டில் சோலி குறைவாக இருந்தபோது, தமயந்தி அந்தப் படத்தைக் காட்டி விளக்கினாள். உடம்பில் எந்த இடத்தைச் சொன்னாலும் இப்படி நிற்கிற உடம்பை மனசில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். நடுக்கோட்டுக்குக் கிட்ட இருந்தால் மீடியல், தள்ளி இருந்தால் லேட்டரல். 

“வீட்டுக்குள்ள இருக்கறது மீடியலு, தெருப்பக்கம் இருக்கறது லேட்டரலு” என்றார் சிவபாக்கியம்.

“சரியாச் சொன்னீங்க. அப்புறம் கையிலயும் கால்லயும், ஒடம்போட ஒட்டுற எடத்துக்குக் கிட்ட இருந்தா ப்ராக்ஸிமல். வெரலைப் பாக்கத் தூரப் போனா டிஸ்டல்.”

“சொந்தக்காரன், தூரத்து ஒறவு. சரி. மேலு எது, கீழு எது?”

“தலைப் பக்கம் மேல். பாதத்துப் பக்கம் கீழ்.”

“படுத்துட்டா?”

“படுத்தாலும் தலைப் பக்கம்தான் மேல். கவுந்தாலும், தலைகீழாத் தொங்குனாலும் அதே மேல்தான். பேரு மாறாது.”

“அப்ப எந்திரிக்க மாட்டாமக் கெடக்குறவனையும் நிக்கிறதா நெனச்சுத்தான் பேசணும்?”

“ஆமா.”

சிவபாக்கியம் “நல்ல மரியாதைதான்” என்றார்.

இப்படிப் புத்தகப் பேச்சு ஒரு பக்கம் இருந்தாலும், மேல்மலையிலிருந்து வருகிறவர்களுக்கு வலது இடது என்ற பேச்சே வாயில் வராது. ஒரு கிழவர் வடக்குப் பல் வலிக்கிறது என்று வந்து படுத்தார். மறுநாள் கட்டிலை நகர்த்திப் போட்டிருந்தார்கள். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், “நேத்து வடக்குப் பல்லு வலிச்சுச்சு. நீங்க கட்டிலைத் திருப்பிப் போட்டீகளா, இன்னைக்குத் தெக்குப் பல்லு வலிக்குது” என்றார். தமயந்தி அந்தக் கிழவரையும் தன் சரக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் மேல்மலைக் கிராமமான கூக்காலிலிருந்து குழந்தைவேல் வந்தார். பூண்டு விவசாயி, முப்பத்தைந்து வயது, கூடவே மனைவி முருகம்மாள். மாதக்கணக்காக விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், சீழாகச் சிறுநீர். மதுரைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். பிலிமில் தெளிவாகத் தெரிந்தது: ஒரு சிறுநீரகம் கல் நிறைந்து அழுகிப்போயிருக்கிறது. மற்றது நன்றாக இருக்கிறது. அழுகினதை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

எந்தப் பக்கத்துச் சிறுநீரகம் என்பதுதான் கேள்வி. பிலிமின் மூலையில் வலதுக்கு அடையாளமாக ஓர் எழுத்து விழுந்திருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிக் கூக்காலுக்கு நடந்தபோது பெய்த மழையில் முருகம்மாளின் துணி மூட்டை நனைந்து, பிலிமின் ஓரமெல்லாம் ஊறி உரிந்துபோயிருந்தது. பிலிமை ஒரு விதமாகப் பிடித்தால் அழுகினது வலது பக்கம் தெரிந்தது, திருப்பிப் பிடித்தால் இடது பக்கம் தெரிந்தது. கூட வந்த கடிதம் மழையோடு போயிற்று. டாக்டர் கை வைத்து அழுத்திப் பார்த்தார். குழந்தைவேல் பயத்தில் இந்தப் பக்கம் அழுத்தினாலும் “ஆத்தே!” அந்தப் பக்கம் அழுத்தினாலும் “ஆத்தே!”

“சிஸ்டர், நிதானமாக் கேட்டு எழுதி வை. ம்ம்?” என்றார் டாக்டர். அவருக்கு எந்தப் பேச்சையும் ‘ம்ம்?’ போட்டுத்தான் முடிக்கத் தெரியும்.

தமயந்தி கால்மாட்டில் நின்று கேட்டாள். “வலி முக்கியமா எந்தப் பக்கம்ணே?”

“பள்ளத்துப் பக்கந்தாம்மா.”

வார்டுக்கு ஒரே பக்கம்தான் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சரிவு, சரிவுக்குக் கீழே ஏரி. தமயந்திக்கு அது வலது கைப் பக்கம் தெரிந்தது. ஆனால் அவள் படித்தவள், ஒத்தடம் மாற்றிக் கொடுக்கிற ஆள் இல்லை. நோயாளியின் பக்கத்தைத்தான் எழுத வேண்டும் என்று தெரியும். படுத்திருக்கிறவருக்கு ஜன்னல் இடது பக்கம். கேஸ் சீட்டில் அழகான கையெழுத்தில் ‘இடது’ என்று எழுதிவிட்டு, கொஞ்சம் பெருமையாகவே நர்சுகள் அறைக்குப் போய்த் தலையணையைச் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். வெள்ளனே ஒரு தூக்க ஊசி போட்டாயிற்று. குழந்தைவேல் பாதிக் கண் செருகிக் கிடந்தார். இடது விலாவைச் சிரைத்து, மருந்து தடவித் தயார் செய்யச் சிவபாக்கியம் வந்தார். தமயந்தி பக்கத்தில் நின்று தட்டை ஏந்திக்கொண்டிருந்தாள்.

கேஸ் சீட்டில் இடது என்று இருந்தாலும் சிவபாக்கியம் தன் வழக்கத்தை விடவில்லை. கால்மாட்டில் போய் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். தன் இடது கையைத் தூக்கினார். அதே கை இருக்கிற பக்கமாக நடந்து வந்து, குழந்தைவேலின் சட்டையைக் கழற்றினார். கழற்றின கை நோயாளியின் இடது தோளில் அப்படியே நின்றுவிட்டது.

தோளில் ஒரு காய்ப்பு. செருப்புத் தோல் மாதிரி தடித்து, கறுத்து, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. வலது தோளை எட்டிப் பார்த்தார். அது வழுவழுவென்று இருந்தது.

“சிஸ்டரு, இந்த அண்ணன் வாயால என்ன சொன்னாரு? எடதுன்னா சொன்னாரு?”

“இடதுன்னு எங்க சொல்றாங்க இவங்கெல்லாம்? பள்ளத்துப் பக்கம்னாரு. ஜன்னல் இடது பக்கம்தான?”

சிவபாக்கியத்தின் முகம் மாறியது. சிரைக்கிற கத்தியைத் தட்டில் போட்டார். ஏரியின் அக்கரைக்குக் கேட்கிற தொண்டை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிசுகிசுத்தது. “இவரு சொன்ன பள்ளம் இந்தப் பள்ளம் இல்ல தாயி.”

தமயந்திக்குப் புரியவில்லை. சிவபாக்கியம் அவசரமாகச் சொன்னார். மேல்மலைப் பாதை ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மூட்டை தூக்குகிறவன் மேட்டுப் பக்கத்துத் தோளில்தான் மூட்டையை வைப்பான். அப்போதுதான் கால் இடறினால் மேட்டில் சாய்வான். மறு தோளில் வைத்தால் மூட்டையும் ஆளும் சேர்ந்து பள்ளத்துக்குத்தான்.

“எங்க மலைக்காரனுக்கு ஒடம்புல ரெண்டே பக்கம். மேட்டுப் பக்கம், பள்ளத்துப் பக்கம். மூட்டையோட சந்தைக்குப் போகையில எது எதுவோ, அதுதான் சாகுற மட்டும் பேரு. வெறுந்தோளா வீட்டுக்குத் திரும்பி வர்றது கணக்குல கெடையாது. படுத்தாலும் அதான், பொரண்டாலும் அதான். இவருக்குக் காய்ப்பு எடது தோள்ல கெடக்கு. அப்ப எடதுதான் மேடு. பள்ளம் எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

தமயந்தி தட்டைக் கீழே வைத்தாள். பள்ளம் என்றால் வலது. இடது பக்கம் இருப்பது இந்த மனிதருக்கு மிச்சமிருக்கிற ஒரே நல்ல சிறுநீரகம். இன்னும் ஒரு மணி நேரத்தில் அதைத்தான் வெட்டி எடுக்கப் போகிறார்கள். அவள் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்.

சிவபாக்கியம் வராந்தாவுக்கு ஓடினார். அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு முருகம்மாள் உட்கார்ந்திருந்தாள். “ஏத்தா, ஒங்க ஊர்ல இருந்து மூட்டை கொண்டு போகையில பள்ளம் சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?”

முருகம்மாள் எழுந்து, கண்ணை மூடி, தலையில் சுமை இருப்பது போல ஒரு கையை உயர்த்தி, வராந்தாவில் நாலு எட்டு நடந்து பார்த்தாள். “சோத்துக்கைப் பக்கம்” என்றாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆயாக்கள் போய் ஆபரேஷனை நிறுத்துகிற காலம் இல்லை அது. சிவபாக்கியம் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார். 

“அய்யா, வெட்டாதீக. எனக்கு ஒரு பயம்.”

“பயமா? கேஸ் சீட்டுல எழுதியிருக்கு. ம்ம்?”

“ஒருதரம் அவரைக் கேளுங்கய்யா.”

டாக்டர் வந்து குழந்தைவேலின் கன்னத்தைத் தட்டிக் கேட்டார். ஊசித் தூக்கத்தில் நாக்குக் குழற, “பள்ள்… பள்ளத்துப் பக்கம்…” என்றார் அவர். டாக்டர் ஜன்னலைக் காட்டினார். “பாத்தியா? அதையேதான் சொல்றாரு. ம்ம்?”

சிவபாக்கியம் டாக்டரின் ஈரக் கையைப் பிடித்து, கழுவினது போயிற்றே என்று பார்க்காமல், குழந்தைவேலின் தோள் காய்ப்பின் மேல் வைத்தார். பிறகு மேட்டையும் பள்ளத்தையும் மூட்டையையும் சொன்னார். கேட்கக் கேட்க டாக்டரின் ‘ம்ம்?’ தேய்ந்து ‘ம்’ ஆயிற்று. அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“நம்ம புஸ்தகத்துல இருக்கிறவன் கையை விரிச்சுட்டு நிக்கிறான். இவங்க ஊர்ல இருக்கிறவன் மூட்டையோட நிக்கிறான். ரெண்டும் ஒரே சங்கதிதான்” என்றார் மெதுவாக. பிறகு திடீரென்று குரல் ஏறியது. “இடதுன்னு யார் எழுதினது? ம்ம்?”

வடக்குப் பல், தெற்குப் பல், கோயம்புத்தூர், காரைக்குடி என்று எத்தனையோ குரல் வைத்திருந்த தமயந்திக்கு அந்த நிமிஷம் சொந்தக் குரல் ஒன்று கிடைக்கவில்லை.

“சீட்டுல தப்பில்லீங்கய்யா” என்றார் சிவபாக்கியம். “கட்டடம் கட்டுனவன் ஜன்னலைத் தப்பான பக்கம் வச்சுட்டான்.”

மதுரைக்கு டிரங்க் கால் போட்டார்கள். லைன் கிடைக்கப் பத்தரை மணி ஆயிற்று. டாக்டர் போனில் கத்தினார், அந்தப் பக்கத்து எக்ஸ்ரேக்காரர் அதைவிடக் கத்தினார். “வலது! வ-ல-து!”

“கேளுங்கய்யா” என்று டாக்டரின் சட்டையைப் பின்னால் இருந்து இழுத்தார் சிவபாக்கியம். “யாரோட வலதுன்னு கேளுங்க. அவரு எதுக்க நிக்கிறவரு.”

“யாரோட வலதுய்யா?” என்று டாக்டரும் கேட்டுவிட்டார்.

போனுக்குள் கத்தல் இன்னும் ஏறியது. “நோயாளியோட வலதுய்யா! வேற யாரோடது?”

மறுநாள் காலை ஊசி போடுவதற்கு முன்னால், குழந்தைவேல் முழு நினைவோடு இருக்கும்போது, அவர் கையாலேயே வலிக்கிற இடத்தைத் தொடச் சொன்னார் சிவபாக்கியம். தொட்ட இடத்தில் புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார். வலது விலா. உள்ளிருந்து எடுத்துத் தட்டில் வைத்தது கல்லும் சீழுமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தமயந்தி மூச்சு விட்டாள். அன்று முதல் அந்த ஆஸ்பத்திரியில் ஊதாக் குறி இல்லாமல் யாரும் மேஜையில் ஏறியதில்லை.

சாயங்காலம் டாக்டர் அறைக்குப் போய் நின்றாள் தமயந்தி. “எழுதினது நான்தான் டாக்டர்.”

“எனக்குக் கையெழுத்துத் தெரியாதா? பிலிமைப் பாத்துட்டு நிச்சயம் இல்லாம கத்தி எடுக்கப் போனது நான். நீயும் நானும் சேர்ந்து அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடணும். ம்ம்?”

அதற்கப்புறம் தமயந்தி தலையணையைச் செருகவில்லை. ஆயா என்று கூப்பிடவும் இல்லை, அக்கா என்றாள். சிவபாக்கியத்துக்கு அதில் வருத்தம்தான். “ஏன் சிஸ்டரு, இப்பெல்லாம் என்னைய மாதிரி செஞ்சு காட்ட மாட்டேங்கிறீக? சோறே எறங்கலன்னு அந்தப் புள்ளைக சொல்லுதுக” என்று வற்புறுத்தி, ஒருநாள் தானே தலையணை கொண்டுவந்து கொடுத்தார்.

ஒவ்வொரு வருஷமும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற வழியில் குழந்தைவேல் தாளோடு பின்னிக் கட்டிய ஒரு பிணைப் பூண்டோடு ஆஸ்பத்திரிக்கு ஏறி வந்துவிடுவார். “எல்லாம் முருகன் காப்பாத்துனதுதான்க்கா” என்பார் கண் கலங்கி.

“காப்பாத்துனாரு, யாரு இல்லன்னா? ஆனா சிஸ்டருக்கிட்ட நேராச் சொல்லாம ஒன் தோள்ல எழுதி வச்சாரு பாரு, அதான் ஒரு நாள் லேட்டாப் போச்சு” என்பார் சிவபாக்கியம்.

அறுபதில் தமயந்தி கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்குப் போனாள். அங்கேயும் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. முதல் நாளே கால்மாட்டில் போய் நோயாளிக்கு முதுகைக் காட்டி நின்று, கையைத் தூக்கிக் கேட்டாள். சின்ன நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மத்தியானம் அவளைப் போலவே யாரோ செய்து காட்டுகிற சத்தம் கதவுக்குப் பின்னால் கேட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. ‘சிரிங்க, சிரிங்க’ என்று நினைத்துக்கொண்டாள். இந்த முதுகு ஓர் ஆளின் உயிரையும் அவளுடைய பேரையும் காப்பாற்றின முதுகு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அறுபத்தாறு ஆவணியில் டாக்டரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சிவபாக்கியத்துக்கு இதயம் வீங்கிவிட்டது, பார்க்க வேண்டுமானால் வெரசா வரவும் என்று எழுதியிருந்தார்; கடைசியில் ‘ம்ம்?’ அதிலும் இருந்தது. தமயந்தி முதல் பஸ்ஸில் ஏறினாள்.

அதே வார்டு. அதே ஜன்னல். ஜன்னல் கம்பியில் பூண்டுப் பிணை தொங்கியது. குழந்தைவேலும் முருகம்மாளும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலில் சிவபாக்கியம் இன்னும் குள்ளமாகிக் கிடந்தார், சிவப்புத் துண்டு மட்டும் காதைச் சுற்றியபடியே. மூச்சு வாங்கியது. 

ஒன்பது வருஷமாகச் சொல்ல நினைத்த நன்றியைப் பஸ்ஸில் வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள் தமயந்தி. கட்டிலைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கண்ணீரை அவர் பார்த்துவிடக் கூடாது என்று கால்மாட்டுக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். கை தானாக உயர்ந்தது.

“எந்தப் பக்கம்கா வலிக்குது? இந்தப் பக்கமா?”

பின்னாலிருந்து மூச்சு இரைக்க இரைக்க, ஆனால் ஏரியின் அக்கரைக்கு இல்லாவிட்டாலும் வாசலில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி, சிவபாக்கியம் சொன்னார்:

“அந்தக் காலத்துல என்னைய மாதிரி செஞ்சு செஞ்சு காட்டுனீக, இன்னைக்குத்தான் சிஸ்டரு தலையணை இல்லாமச் சரியா வந்திருக்கு, ஆனா கெடக்குறவளையும் நிக்கிறவளா நெனச்சுத்தான் பேசணும்னு நீங்கதான படிச்சுக் குடுத்தீக, நான் எந்திரிச்சு நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டுத் திரும்புங்க தாயி, ஆளு மொகத்தைப் பாத்து எம்புட்டு நாளாச்சு!”